காற்றுக்கு வழிவிட்ட மாளிகை

திருவனந்தபுரம் போகும் தமிழ்க் குடும்பங்கள் பத்மநாபசுவாமியைத் தரிசித்த கையோடு, பிள்ளைகளுக்காக மிருகக்காட்சிசாலைக்குப் போவது வழக்கம். அதே வளாகத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கும் சிவப்பு மாளிகைக்குப் பலர் ஒதுக்குவது கடைசிக் கால்மணி நேரம்தான். நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு அது போதவே போதாது.

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இங்கே எழும் கட்டடங்கள் இந்த நாட்டுப் பாணியைத் தழுவ வேண்டும் என்று வாதிட்டவர். சிதைந்து கிடந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பிக்க வைத்ததும் அவரே. அந்தப் பணியைச் செய்த ராபர்ட் சிசோம்தான் சென்னை செனட் ஹவுஸையும் கட்டினார். பழைய அருங்காட்சியகத்தை 1874-இல் இடித்த திருவிதாங்கூர் அரசு, புதியதைக் கட்ட அவரையே அழைத்தது. வேலை 1880-இல் முடிந்தது.

சிசோம் கேரளத்துத் தச்சர்களின் மரபைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். செங்குத்தாகச் சரியும் கூரைகள், மரவேலை மிக்க முகப்புகள் எல்லாம் அடைமழை நாட்டுக்கு ஏற்றவை. உள்ளே வரிவரியாக வண்ணம் தீட்டிய சுவர்கள். உயரத்தில் வெப்பம் வெளியேற வழி. மின்விசிறி இல்லாத காலத்திலேயே காற்றோட்டத்தை எண்ணிக் கட்டிய கூடம் இது. வெண்கலத் திருமேனிகள், தந்தச் சிற்பங்கள், மரத்தேர் என்று உள்ளிருப்பவை அரியவைதான். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது கூரையைத்தான்!

சற்றுத் தள்ளி, 1935-இல் திறந்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம். ராஜா ரவிவர்மாவின் அசல் ஓவியங்களுக்கு நெடுங்காலம் வீடாக இருந்தது இதுதான். அவற்றுக்கென 2023-இல் இதே வளாகத்தில் தனிக்கூடமும் வந்துவிட்டது. முள் எடுப்பதுபோல் காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையையும், அன்னத்திடம் சேதி கேட்கும் தமயந்தியையும் அச்சுப் படங்களில் பார்க்காத தமிழர் குறைவு. அச்சில் தட்டையாகிப்போன புடவை மடிப்புகளும் சரிகையின் மினுக்கும் அசலில்தான் உயிரோடு இருக்கின்றன.

திருவனந்தபுரம் அரண்மனையில் ஓவியராக இருந்த மதுரை ராமசாமி நாயக்கர், எண்ணெய் வண்ண நுட்பத்தை ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்பார்கள். மற்றவர்கள் தீட்டுவதைப் பார்த்தும் தானே முயன்றும் கற்றுக்கொண்ட அந்த இளைஞர், 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப்பதக்கத்தை வென்றார். மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் அது.

ஓவியங்களைக் காலையிலேயே பார்த்துவிடலாம். தோட்டத்துக்கு மாலைதான் நல்லது. வெயில் தாழ்ந்ததும் நகரத்தார் நடைப்பயிற்சிக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.