ரோதமுனியும் பிளாஸ்டிக் பற்சக்கரமும்

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதமுனி என்றொரு தெய்வம் உண்டு. ரோதை என்றால் சக்கரம். கையை விழுங்கிவிடக்கூடிய அந்த இயந்திரச் சக்கரத்திற்கு நம் முன்னோர் பூசையிட்டனர். அவர்களைப் பேதையர் எனப் பரிகசிப்பாரும் உளர். நாம் அவருள் சேரோம். இயந்திரத்தின் முன் அவர்களை நிறுத்தியோர் அதன் கணக்கைக் கற்பிக்கவில்லை. கணக்கு மறைக்கப்பட்டவன் வணங்குவதன்றி வேறென்ன செய்வான்?

ஹுன்னஸ்கிரியவில் நம்மிடம் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள் சென்ற ஆண்டு, கொழுந்தைக் கசக்கி உருட்டும் ரோலரின் மாதிரியொன்றைச் செய்ய முற்பட்டனர். சிறு மோட்டர் கிடைத்தது; அதன் வேகத்தைத் தணிக்கும் பற்சக்கரங்கள் கிடைக்கவில்லை. உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக இட்டுப் பொருளை உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி கண்டிக் கடையொன்றில் இருப்பதாக அறிந்தோம்.

தமிழ் கற்ற நமக்குப் பற்சக்கரக் கணக்குப் புதிது. பிள்ளைகளோடு அமர்ந்தே பயின்றோம். சிறியதற்கு 17 பற்கள், பெரியதற்கு 51. ஒரு சோடியில் வேகம் மூன்றிலொன்றாகும். இரு சோடிகள் தொடர்ந்தால் ஒன்பதிலொன்று. முறுக்குவிசையோ, உராய்வில் இழப்பது போக, அதற்கேற்பப் பெருகும். பல் ஒன்றுக்கு விட்டத்தில் 2 மில்லிமீற்றர் என வைத்தோம். ஆகவே விட்டங்கள் 34, 102. தண்டுகளின் இடைவெளி 68. “ஏன் சேர் பதினேழு?” என்றாள் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள். வழக்கமான 20 பாகைப் பல்லில் எண்ணிக்கை அதற்குக் குறைந்தால் பல்லின் அடி அரிபட்டு மெலியும். அவளே படம் வரைந்து அதைக் கண்டாள்.

இப்பொறி எளியோர் கைக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 2005 இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் உறுப்புகள் பலவற்றைத் தானே அச்சிடும் பொறியின் வரைபடங்களை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. இழையை உந்தும் பற்சக்கரங்களையே பலர் அவ்வாறு அச்சிட்டுக்கொண்டனர். இழையை உருக்கி அடுக்கும் முறையின் மூலக் காப்புரிமை 2009 இல் முடிவுற, விலையும் சரிந்தது.

ஆயினும் இதை இன்னொரு முனியாக்க வேண்டாம். பி.எல்.ஏ. எனும் இப்பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகும். தேயிலை உலர்த்திக்குள் புகும் காற்றோ அதனினும் மிகச் சூடானது. மெய்யான ரோலருக்கு உலோகமே வேண்டும். சக்கரத்தை நிமிர்த்தி அச்சிட்டால் அடுக்குகளின் வழியே பல் பிளக்கும். படுக்கவைத்தே அச்சிடுதல் நன்று.

மாதிரி ஓடியது. தொழிற்சாலையில் ரோலர் ஓட்டும் அவள் தந்தை வந்து பார்த்தார். பிளாஸ்டிக் பற்களை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்றும் பேசாமல் போனார். மறுவாரம் மகளின் கையில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. தொழிற்சாலைச் சக்கரங்கள் இரண்டின் பற்களை, இயந்திரம் நின்ற வேளையில், எண்ணி எழுதியிருந்தார். வகுத்தலை அவளுக்கு விட்டிருந்தார்.