மாடிக்கும் ஒரு மெயின் ஸ்விட்ச்

1984-ல் எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டோம். கீழே இருந்த மெயின் போர்டிலிருந்தே ஒயர் இழுத்து, மாடியில் ஒரு மரப்பலகையில் நான்கு ஃப்யூஸ் கட்டைகளை மாட்டினார் எலெக்ட்ரீஷியன். "மாடிக்குத் தனியா மெயின் ஸ்விட்ச் வேண்டாமாடா?" என்று மாமியார் கேட்டார். "அதான் கீழே ஒண்ணு இருக்கேம்மா, எதுக்கு வீண் செலவு?" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தோம். மாடியில் குடியிருந்த பெண், கைக்குழந்தைக்காரி, ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டிருக்கிறாள். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. பிளக் பாயிண்ட் கிரைண்டருக்குப் பின்னால், எட்டாத இடத்தில். நான்கு ஃப்யூஸில் சமையலறைக்கு எது என்று அவள் கணவருக்குத் தெரியவில்லை. மெயினை அணைக்கக் கீழே ஓடி வந்தால், அது எங்கள் பூட்டிய கதவுக்கு உள்ளே! திரும்ப மாடியேறி, காய்ந்த மணைப்பலகையால் அவள் கையைத் தட்டிவிட்டார். பகவான் புண்ணியத்தில் பிழைத்தாள். உள்ளங்கையில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையாட்டியதுதான் நினைவுக்கு வரும்.

மறுநாளே மாடி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு டபுள் போல் மெயின் ஸ்விட்ச் வைத்தோம். இது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும். கிளை போர்டு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் நம் நாட்டு வயரிங் விதியும்.

'ஃப்யூஸ் ஏன் போகவில்லை?' என்று நீங்கள் கேட்கலாம். ஃப்யூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. 5 ஆம்பியர் ஃப்யூஸ் போக 5 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். மனித உடம்புக்கோ அதில் நூற்றில் ஒரு பங்கே ஆபத்து. இப்போது கிடைக்கும் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

மாடி கட்டுகிறவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் இவற்றைக் கவனியுங்கள்:

* மாடி மெயின் ஸ்விட்ச் மாடியிலேயே, கை எட்டும் இடத்தில், பூட்டில்லாமல் இருக்கட்டும். அடுப்புக்கும் தொட்டிக்கும் மேலே வேண்டாம்.
* எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள்.
* மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். அதைத் தனியே அணைக்க வேண்டும்.
* ஷாக் அடித்தவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லோரையும், விவரம் தெரிந்த பிள்ளைகளையும் கூட, மெயின் ஸ்விட்ச் முன்னால் நிறுத்தி ஒருமுறை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டிலும் அவர்கள் கை அங்கே தானாகப் போக வேண்டும்.