'பீப்' சத்தத்தை நம்பாதீங்க பாஸ்!

ஒரு சின்ன கேள்வி. ஒரு வயர் நல்லா இருக்கானு எப்படிப் பார்ப்பீங்க? மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வெச்சு, ரெண்டு முனையையும் தொட்டு, 'பீப்'னு கத்தினா 'ஓகே மச்சி'தானே? நானும் அதே கேஸ்தான். தேர்டு இயர் ட்ரிபிள்-ஈ. அந்த பீப் சத்தத்தை நம்பி நான் சொன்ன ஒரு வார்த்தை, எங்கப்பாவை தொப்பூர் இறக்கத்துல சிக்க வெச்சிடுச்சு.

எங்க ஊர் நாமக்கல். அப்பாவுக்குச் சொந்தமா ஒரே ஒரு லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். 2018 மாடல், பி.எஸ்.4. (2017 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க பி.எஸ்.4 வண்டிதான் விக்கணும்னு வந்துச்சே, அந்த செட்!) எங்க வண்டியில இருக்கறது 'காமன் ரெயில்' சிஸ்டம்.

பழைய லாரியில, எந்த சிலிண்டருக்கு எப்போ டீசல் போகணும்னு பம்ப்பே பார்த்துக்கும். காமன் ரெயில்ல பம்ப்போட வேலை, டீசலை ஒரு குழாய்க்குள்ள ஆயிரம் பாருக்கு மேல அழுத்தி வைக்கிறதுதான். லாரி டயர்ல இருக்கறதே சுமார் 8 பார்தான், பார்த்துக்கோங்க! இன்ஜெக்டரை எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறக்கணும்னு முடிவு பண்றது ஈ.சி.யூ.ங்கிற சின்னப் பெட்டி. அதுக்கு கரன்ட் சரியா வரலைன்னா, டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் இன்ஜின் அவுட்.

எங்க வண்டி திடீர் திடீர்னு ஆஃப் ஆக ஆரம்பிச்சது. பத்து நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஸ்டார்ட் ஆகும். லீவுக்கு வந்த நான் சும்மா இருப்பேனா? மீட்டரும் கையுமா கேபினுக்கு அடியில படுத்தேன். ஃபியூஸ், ரிலே, எர்த் வயர் எல்லாத்தையும் தொட்டேன். பீப், பீப், பீப்! ''வயரிங் பக்காப்பா. தைரியமாப் போங்க''ன்னேன். படிக்கிற புள்ளை சொல்லுதேனு அவரும் நம்பி லோடுக்குக் கிளம்பிட்டார்.

தாவணகெரேல இருந்து மக்காச்சோளம் ஏத்திட்டு வர்றப்போ, தொப்பூர் இறக்கத்துல இன்ஜின் ஆஃப்! லோடு வண்டியில அது எவ்வளவு விபரீதம் தெரியுமா? பவர் ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும். ஏர் பிரேக்குக்குக் காத்து பிடிக்கிற கம்ப்ரசரும் நின்னுடும். டேங்க்ல மிச்சம் இருக்கற காத்துக்குத்தான் பிரேக். எப்படியோ ஓரம் கட்டிட்டார். போன்ல அவர் சொன்னது, ''வண்டி நின்னுடுச்சு கண்ணு'' மட்டும்தான். குரல் நடுங்கினது எனக்குக் கேட்டுச்சு.

ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரை மாட்டினா அஞ்சு ஃபால்ட் கோடு. ரெயில் பிரஷர் சென்சார், கிராங்க் சென்சார், சப்ளை வோல்ட்டேஜ்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. ''ஈ.சி.யூ. போச்சு. மாத்திடுங்க''ன்னாங்க. அவங்க சொன்ன விலைக்கு அம்மாவோட செயின் அடகுக்கடைக்குப் போகணும். அம்மா கழட்டியே வெச்சுட்டாங்க.

கடைசியா ஒரு சான்ஸ்னு, பைபாஸ் ஓரமா வயரிங் கடை வெச்சிருக்கற அண்ணன்கிட்ட வண்டியைக் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: ''தம்பி, நீ மீட்டர் வெச்சப்போ வண்டி ஓடிச்சா, நின்னுச்சா?''

''நின்னுட்டுதாண்ணா இருந்துச்சு.''

''கோளாறு வர்றது ஓடறப்போ. நின்ன வண்டியைப் பார்த்தா எப்படித் தெரியும்?''

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டையும் போடச் சொன்னார். மீட்டரை டி.சி. வோல்ட்டுக்குத் திருப்பினார். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு ஈ.சி.யூ.வோட எர்த் வயர்ல. ரெண்டும் எர்த்துதானே, ஜீரோ காட்டணும். போனாப் போகுதுனு 0.2 வோல்ட் இருக்கலாம். மீட்டர் காட்டினது 4 வோல்ட்! வயரை லேசா ஆட்டினார். எண் எகிறுச்சு, இன்ஜின் ஆஃப்.

''இப்போ அந்த போல்ட்டைத் தொட்டுப் பாரு''ன்னார். சுட்டுச்சு!

எஃப்.சி.க்காக சேஸிஸுக்கு பெயின்ட் அடிச்சப்போ, எர்த் போல்ட்டைக் கழட்டி, பெயின்ட்டுக்கு மேலயே திரும்ப முடுக்கியிருக்காங்க. கேபின் லைட்டுங்களுக்கும் அதே போல்ட்தான் எர்த். இப்போ நம்ம ஓம் தாத்தாவைக் கூப்பிடுங்க. அரை ஓம் ரெசிஸ்டன்ஸ், 8 ஆம்பியர் கரன்ட்னா 4 வோல்ட் காலி. நாலெட்டு 32 வாட்ஸ்; லேப்ல நாம பிடிக்கிற சால்டரிங் அயர்ன் அளவு சூடு! ஆனா, மீட்டர் கன்டின்யூட்டிக்கு அனுப்புறது துளியூண்டு கரன்ட். பல இழை வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது சந்தோஷமா பீப் அடிக்கும்.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்ச்சு, புது லக் வெச்சு முடுக்கினார். மீட்டர்ல 0.1. அஞ்சு கோடையும் அழிச்சோம், திரும்ப வரலை. செலவு 350 ரூபாய். செயின் அம்மா கழுத்துக்குத் திரும்பிடுச்சு.

அண்ணன்கிட்ட கத்துக்கிட்டதுல ரெண்டை மட்டும் உங்களுக்குச் சொல்றேன். ஒண்ணு, சம்பந்தமில்லாத கோடு நாலைஞ்சு சேர்ந்து வந்தா, எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற எர்த், சப்ளையை முதல்ல பாருங்க. ரெண்டு, பழைய லாரி மாதிரி ஓடற இன்ஜின்ல டீசல் பைப் நட்டை லூஸ் பண்ணிப் பார்க்கவே கூடாது. அந்தப் பிரஷர்ல டீசல் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும்.

மூணாவது நானே கத்துக்கிட்டது. 'வயரிங் பக்கா'னு சொல்றதுக்குப் பதிலா, 'நின்ன வண்டியில பார்த்தேன்ப்பா, ஓடறப்போ பார்க்கலை'னு சொல்லியிருந்தா, அப்பா அன்னிக்கு லோடு ஏத்தியிருக்க மாட்டார். தெரிஞ்சது எதுவரைக்கும்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்லாமப் போச்சு. வைவாவுல அடிச்சுவிட்டா மார்க் மட்டும்தான் பாஸ் போகும்!

அப்பா இதுவரைக்கும் ஒரு வார்த்தை திட்டலை. போன வாரம் கிளம்பறப்போ, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டையும் போட்டுட்டுக் கூப்பிட்டார்.

''கண்ணு, மீட்டரை எடுத்துட்டு வா. இப்போ பாரு.''