ஏசிக்கு ஒரு காது

மடிப்பாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற படுக்கையறை அதற்குள் கொதித்தது. ஏசியைத் தானாக இயங்கச் செய்யும் வேலைக்கு வந்திருந்த தம்பி ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏசி ரிமோட்டின் முனையைத் தன் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்போன் திரையில் மட்டும் ஊதா நிறப் பொட்டு ஒன்று படபடத்து அணைந்தது.

“இதுதான் அண்ணா நாம பேசப் போற பாஷை.”

அந்தப் பொட்டு அகச்சிவப்பு ஒளி. நொடிக்கு 38,000 முறை துடிக்கும். வெயிலிலும் விளக்கிலும்கூட அகச்சிவப்பு உண்டு என்பதால், இந்தத் துடிப்போடு வருவதை மட்டுமே ஏசி காதில் வாங்கும். டிவி ரிமோட் ‘சத்தத்தை ஒன்று கூட்டு’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லும். ஏசி ரிமோட் அப்படி அல்ல. 24-லிருந்து 25-க்கு மாற்ற ஒரு தடவை அழுத்தினாலும், ‘கூலிங், 25 டிகிரி, காற்று நடுத்தரம், மடல் அசைய வேண்டாம்’ என்று முழு நிலவரத்தையும் ஒப்பித்துவிடும். அதனால்தான் அதற்கு மட்டும் தனியாக ஒரு குட்டித் திரை.

வில்லங்கமும் அங்கேதான். ஏசி பதில் சொல்லாது. ஒரு ‘பீப்’, அவ்வளவே. நடுவில் ஆள் நின்று மறைத்துவிட்டால் ரிமோட் திரையில் 27 இருக்கும், ஏசி 23-லேயே ஓடிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. சித்திக்கு விரல் மூட்டுகளில் வலி, பார்வையும் மங்கல். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் விழித்தால் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சின்னப் பொத்தானை அழுத்த முடியாது. சித்தப்பாவுக்குக் காது மந்தம். கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார். போன மார்கழியில் சித்தி சளி பிடித்துப் பத்து நாள் படுத்திருந்தார். நான் இன்று லீவு போட்டுவிட்டு வந்ததற்கு அதுதான் காரணம்.

போன வருஷமே ஒரு முயற்சி நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று வெளிநாட்டிலிருக்கும் அவர்கள் மகன் 16 ஆம்பியர் வைஃபை பிளக் ஒன்றை வாங்கிப் போட்டான். அங்கிருந்தபடியே செல்போனில் ஏசியை நிறுத்துவான். தம்பி அந்தப் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். முள் நுழையும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

“ஃபேனை நிறுத்துற மாதிரி ஏசியை நிறுத்தக் கூடாது அண்ணா. ரிமோட்ல ஆஃப் பண்ணா அது தானா ஒழுங்கா இறங்கி நிக்கும். இது ஓடிட்டு இருக்கிற கம்ப்ரஸரோட கழுத்தைப் பிடிக்கிற மாதிரி.”

நின்ற கம்ப்ரஸர் மறுபடி கிளம்புவதற்கு முன் வாயுக் குழாய்களில் அழுத்தம் சமமாக வேண்டும். அதற்காகவே மூன்று நிமிடம் போலக் காத்திருக்கும்படி ஏசிக்குள் ஏற்பாடு உண்டு. போதாததற்கு, கரண்ட் திரும்பினாலும் பல ஏசிகள் தானாக ஓடாது. பிளக்கை ‘ஆன்’ செய்துவிட்டுப் பிள்ளை அங்கே நிம்மதியாக இருப்பான். இங்கே இரண்டு பேர் புழுக்கத்தில் கிடப்பார்கள்.

புதிதாகப் பொருத்த வந்தது தீப்பெட்டி அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. இஎஸ்பி32 என்ற மலிவான வைஃபை சிப், அகச்சிவப்பு எல்இடி ஒன்று, அதே ஒளியைப் படிக்கும் ரிசீவர் ஒன்று. அந்த ரிசீவரைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. சித்தப்பா கை ரிமோட்டை அழுத்தினால் இதுவும் ஒட்டுக்கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பெரியவர்கள் கையிலிருக்கிற ரிமோட்டைப் பிடுங்குகிற எந்த ஏற்பாடும் ஒரு வாரம்கூட நிற்காது.

அடுத்தது சிடி காயில்: கம்பியைத் தொடாமலே, அதைச் சுற்றி நின்று கரண்டை அளக்கும் வளையம். தம்பி முதலில் ஏசி கேபிளை மொத்தமாக வளையத்துக்குள் விட்டுக் காட்டினார். ஏசி முழு மூச்சில் ஓடியும் அளவு பூஜ்யம். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பிறகு எம்சிபி சுவிட்சை இறக்கி, பெட்டியைத் திறந்து, ஃபேஸ் கம்பியை மட்டும் நுழைத்தார். மறுபடி ஏசியைப் போட்டதும் செல்போனில் எண்கள் வந்தன: முதலில் நாற்பது வாட், அது உள்ளே இருக்கும் விசிறி மட்டும். சில நிமிடம் கழித்து மெல்ல ஏறி 1,400-ஐ ஒட்டி நின்றது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி.

ஏசி கேட்டதா இல்லையா என்பதை இனி இந்த எண் சொல்லும். கட்டளை போய் ஐந்து நிமிடத்தில் வாட் ஏறாவிட்டால் போர்டு மறுபடி அனுப்பும். அப்போதும் ஏறாவிட்டால் செல்போனுக்குத் தகவல். சில மாடல்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே குறிதான். அங்கே கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது முறை அனுப்பினால் ஓடுகிற ஏசி நின்றுவிடும். அளந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் நடத்துகிற மூளை ஹாலில், ரவுட்டர் பக்கத்தில், வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது: ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, அதில் ஹோம் அசிஸ்டென்ட். பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-இல் தொடங்கிய இலவச மென்பொருள். தம்பி ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஏசியை இயக்கிக் காட்டினார், ஓடியது. ‘புது ஸ்மார்ட் ஏசி வாங்கிவிடலாமே’ என்று மகன் கேட்டிருந்தான். பல நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட மேட்டர் என்ற பொது மொழியில் 2023 அக்டோபரில் அறை ஏசியையும் சேர்த்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 2017-இல் வாங்கிய இந்த ஏசி நன்றாகக் குளிர்விக்கிறது. அதை ஏன் தூக்கிப்போட வேண்டும்?

கட்டில் தலைமாட்டில் ஒரு வெப்பமானி வைத்தோம். ஏசி தன் உடம்புக்குள், கூரையோரம் இழுக்கிற காற்றைத்தான் அளக்கிறது. சித்தி படுப்பது அதன் நேர் கீழே. இரண்டுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இனித் தலைமாடு 25-க்குக் கீழே இறங்கினால் ஏசி ஒரு டிகிரி ஏறும். அறையில் ஆள் இருப்பதை அறிய ரேடார் சென்சார். அசைகிற சூட்டை மட்டும் பார்க்கும் சாதாரண சென்சாருக்குத் தூங்குகிறவர் இருக்கிற அறையும் காலி அறைதான். ரேடாருக்கு மூச்சில் ஏறி இறங்கும் மார்பே போதும். பால்கனிக் கதவில் ஒரு காந்த சென்சார். திறந்து இரண்டு நிமிடம் ஆனால் ஏசி நிற்கும் என்றார் தம்பி.

“ரெண்டு நிமிஷத்துல நான் எப்படித் துணி காயப்போடறது?” என்றார் சித்தி.

“அஞ்சு வச்சுக்கலாம்மா.”

கரண்ட் பில்லைப் பற்றிச் சித்தப்பா கேட்டார். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கே விலை கூடிவிடுகிறது என்பதால் அவர் காலண்டரில் மீட்டரைக் குறித்து வைக்கிறவர். இப்போது ஏசியின் யூனிட் தனியாகவே தெரியும் என்றதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனை வாங்கிக்கொண்டார்.

கடைசியாகக் கட்டில் சட்டத்தில், சித்தியின் வலது கைக்கு எட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான். ஒரு தட்டு, ஒரு டிகிரி அதிகம். சித்தி படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டித் தட்டினார்.

மேலே ‘பீப்’ என்றது.

“கேட்டுச்சா அதுக்கு?” என்று கேட்டார் சித்தி. சித்தப்பாவுக்குச் சத்தம் விழவில்லை. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆயிரத்து நூறு... எண்ணூறு... இறங்குதுடி” என்றார்.