சேத்ரியும் சித்தப்பாவும் ஒரு டிஎன் 70 வண்டியும்

டிஸ்கி: கால்பந்து பிடிக்காத மக்கள்ஸ் பாதியிலேயே மூடிட்டுப் போனாலும் கோவிச்சுக்க மாட்டேன். புள்ளிவிவரம் கொஞ்சம் இருக்கு, புலம்பல் நிறைய இருக்கு. :-)

ஆபீஸ் கேண்டீனில் ஒரு சண்டை. ஒரு கிளப்புக்கு வந்து கோலா அடிச்சுத் தள்ளினவன் யாருன்னு. ஒருத்தன் ஹாலண்ட் என்றான். மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த முதல் சீசனிலேயே, 2022-23ல், பிரீமியர் லீகில் மட்டும் 36 கோல். இன்னொருத்தன் ஹென்றி. ஆர்சனலுக்கு 228. மூணாவது ஆள் கொஞ்சம் வயசானவர், நியூகாசிலும் ஷியரரும் என்று ஆரம்பித்தார். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சேத்ரி பெங்களூருக்கு ஆடின வருஷத்தையும் இதுல சேர்க்கணும்"னு சொல்லித் தொலைச்சேன்.

மேஜையே சிரிச்சுது. "டேய், அது இந்தியன் லீகுடா."

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. எப்பவுமே பதில் எனக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், சில்க் போர்டு தாண்டினப்புறம்தான் வரும். அதனால இந்தப் பதிவு.

முதலில் அந்த இங்கிலாந்து கதையை முடிச்சுடலாம். சுனில் சேத்ரி இங்கிலாந்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள். 2009ல் லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. மூணு வருஷ ஒப்பந்தம். ஆனால் வேலை அனுமதி கிடைக்கலை. காரணம் அவர் ஆட்டமில்லை, இந்தியாவின் ஃபிஃபா ரேங்க். முதல் 70க்குள் இருக்கும் நாட்டுக்காரனுக்குத்தான் அனுமதி என்று விதி. நாம எங்கே, எழுபது எங்கே! அடுத்து 2010ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, 2012ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி டீம். ரெண்டு இடத்திலும் பெஞ்ச்தான் அதிகம். திரும்பி வந்துட்டார்.

அப்புறம்தான் 2013. ஜேஎஸ்டபிள்யூ கம்பெனி பெங்களூரில் புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சது. கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட், இங்கிலாந்துக்காரர். கேப்டன் சேத்ரி, வயசு 29. ஒரு ஸ்ட்ரைக்கர் அதுக்கப்புறம் இறங்குமுகம்தான் என்று எல்லாரும் கணக்குப் போடும் வயசு அது.

இப்போ சித்தப்பா என்ட்ரி. எங்க ஊர் பாகலூர். ஓசூரிலிருந்து மாலூர் போற ரோட்டில், ரோஜாவுக்கும் தக்காளிக்கும் நடுவில் இருக்கிற ஊர். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். அப்பாவோட தம்பி சின்ன வயசிலேயே வேலைக்கு பெங்களூர் போய், அல்சூர் கௌதமபுரத்தில் தங்கிட்டார். தெரியாதவங்களுக்கு: கௌதமபுரம் நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியா. பீலேவுக்குச் சிலை வெச்ச ஏரியா. (நம்ம ஊரில் தலைவர்களுக்கு மட்டும்தான் சிலைன்னு யார் சொன்னது?) சித்தப்பா அங்கே டீக்கடைப் பெருசுகளிடம் கேட்டுக் கேட்டு ஒரு தனி சரித்திரமே வெச்சிருப்பார். "1948 லண்டன் ஒலிம்பிக்ல பிரான்ஸுக்கு எதிரா கோல் போட்டானே சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரன்டா. வெறுங்கால்ல ஆடின டீமுடா அது" என்பார். அந்த மேட்ச் 2-1ன்னு தோத்ததை மட்டும் மெதுவா சொல்லுவார். 1952ல ஒலிம்பிக் ஆடின சண்முகமும் பெங்களூர்தான். அப்புறம் ஐடிஐ, எச்ஏஎல் என்று கம்பெனி டீம்கள். அதெல்லாம் ஒவ்வொண்ணா மங்கி, கடைசியில் எச்ஏஎல்லும் 2012ல் ஐ-லீகை விட்டு இறங்கிப் போச்சு. சித்தப்பாவுக்குப் பார்க்க டீம் இல்லை.

அந்த 2013ல் நான் பதினொண்ணாவது. அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு சித்தப்பாதான் கூட்டிட்டுப் போனார். செயற்கைப் புல், இடிஞ்ச மாதிரி ஒரு கேலரி, எங்களைச் சுத்திக் கொஞ்சம் கூட்டம். சேத்ரியை முதல் தடவை நேரில் பார்த்ததும் "இவ்ளோ குட்டையா?"ன்னுதான் கேட்டேன். சித்தப்பா, "பந்து மேல வரும்போது பாரு" என்றார்.

பார்த்தேன். அதுதான் விஷயமே. அந்த ஆள் உயரத்தில் பாதி கூட குதிக்கிறதில்லை. மத்தவன் குதிக்கிறதுக்கு அரை நொடி முன்னாடியே மேலே போயிருப்பார். டிஃபெண்டர் இவரைத் தேடித் திரும்பும்போது பந்து வலைக்குள் இருக்கும். புரோகிராமர் மொழியில் சொன்னா வேகமான மெஷின் இல்லை, டைமிங் சரியான மெஷின். அந்த முதல் சீசனிலேயே லீகில் 14 கோல், கிளப்புக்கு சாம்பியன் பட்டம். பிறந்து ஒரு வயசு ஆகாத கிளப்! 2015 ஆரம்பத்தில் ஃபெடரேஷன் கப்.

அதே 2015, மே 31, ஞாயிற்றுக்கிழமை. கண்டீரவா ஸ்டேடியம். கடைசி மேட்ச் மோகன் பகானோடு. அவங்களுக்கு டிரா போதும், நமக்கு ஜெயிக்கணும். ஜான் ஜான்சன் கோலில் 1-0. பாட்டில் தண்ணியைக் கூடக் குடிக்காம உட்கார்ந்திருந்தோம். 87வது நிமிஷம், ஒரு கார்னர், பெல்லோ ரசாக் தலை. போச்சு. சித்தப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அடுத்த சீசனில் கப்பைத் திருப்பி வாங்கிட்டோம் என்பது வேற.

2016 செப்டம்பர் பத்தி எழுதாம இதை எழுத முடியாது. காவிரித் தீர்ப்பு, 12ஆம் தேதி பெங்களூரில் பஸ்களைக் கொளுத்தியது, எல்லாம் உங்களுக்கே தெரியும். எங்க பக்கம் அது நியூஸ் இல்லை, வாசல். ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோட அத்திபெலே வரைக்கும் நடந்து போன ஜனங்களைப் பார்த்திருக்கேன். சித்தப்பா போன் பண்ணி, "யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். முப்பது வருஷம் பெங்களூரில் இருந்தவர், பஸ்ஸில் போன் வந்தா எடுக்கிறதை நிறுத்திட்டார். எடுத்தா தமிழ்ல பேசணுமே.

ஒரு மாசம் கழிச்சு, அக்டோபர் 19, புதன்கிழமை, ஏஎஃப்சி கப் அரையிறுதி. எதிரணி மலேசியாவின் ஜோகூர், முந்தைய வருஷ சாம்பியன். அங்கே 1-1. இங்கே ஜெயிச்சா, ஃபைனல் போகும் முதல் இந்திய கிளப்.

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். அம்மாகிட்ட ஃப்ரெண்டு வீட்டில் கம்பைன் ஸ்டடின்னு சொல்லிட்டு (அம்மா, இதைப் படிச்சா மன்னிச்சுக்கோங்க), டிஎன் 70 நம்பர் பிளேட் போட்ட ஸ்பிளெண்டரில் கிளம்பினேன். நெடுஞ்சாலை வேண்டாம்னு சர்ஜாபூர் ரோட்டைப் பிடிச்சேன். சர்ஜாபூரில் தெரிஞ்ச நாற்றுக் கடை ஒண்ணு, அப்பாவுக்குப் பழக்கம். கடைக்கார அண்ணன் என் பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணும் கேட்காம வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி சாக்கை மேலே போட்டார். அங்கிருந்து பிஎம்டிசி.

சித்தப்பா வரமாட்டேன்னுதான் சொன்னார். நான் நேரா அவர் வீட்டு வாசலில் போய் நின்னதும், திட்டிக்கிட்டே செருப்பை மாட்டினார். "அங்க வாயைத் திறக்காத" என்பது நிபந்தனை.

11வது நிமிஷத்தில் ஜோகூரின் சஃபிக் ரஹீம் கோல். ஸ்டேடியம் அமைதி. 41ல் கார்னர் வந்தது, அரை நொடி முன்னாடி குதிக்கிற அந்த ஆள், தலை, 1-1. கத்தினேன், ஆனா வார்த்தையில்லாம கத்தினேன். 67வது நிமிஷம். பாக்ஸுக்கு ரொம்ப வெளியே பந்து சேத்ரி காலில். யாருக்காவது பாஸ் கொடுப்பார்னு நினைச்சேன். அடிச்சார். பந்து கோல்கீப்பருக்கு எட்டாம மேல் மூலைப் பக்கம் போனதைத்தான் பார்த்தேன்.

"போட்டாண்டா! போட்டாண்டா டேய்!"

சித்தப்பா. தொண்டை கிழிய, சுத்தத் தமிழில், பெஞ்ச் மேல ஏறி நின்னு. எனக்கு ஒரு கணம் வயிறு கலங்கிச்சு. முன் வரிசையில் இருந்த ஒரு பெரிய உருவம் திரும்பினார். அப்படியே சித்தப்பாவைக் கட்டிப் பிடிச்சார். கன்னடத்தில் என்னமோ சொன்னார், அதில் "நம்ம" மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. அந்த வார்த்தை ரெண்டு பாஷைக்கும் ஒண்ணுதானே. அப்புறம் ஹுவானன் ஒண்ணு போட்டு 3-1. திரும்பிப் போகும் பஸ்ஸில் சித்தப்பா வீட்டுக்கு போன் போட்டு மூணு கோலையும் நிமிஷ வாரியா, தமிழில், சத்தமா விவரிச்சார்.

(நவம்பர் 5 தோஹா ஃபைனலில் ஈராக் கிளப்பிடம் 0-1 தோல்வி. பரவாயில்லை.)

கேண்டீன் நண்பர்களுக்கு இங்கே ஒரு விளக்கம். "இந்தியன் லீகுதானே" என்பது பாதி சரி. லெவல் கம்மிதான். பெனால்டி கோலும் அவர் கணக்கில் நிறைய உண்டு. ஆனா இங்கே எல்லா கிளப்பும் பணத்தைக் கொட்டி வெளிநாட்டுக்காரனைத்தான் நடு ஸ்ட்ரைக்கரா போடுவாங்க. இந்தியப் பையனுக்கு ஓரத்தில் ஓடுற வேலை. சேத்ரிக்கும் பல வருஷம் அதேதான், நடுவில் வெனிசுலாக்காரர் மிக்கு, இவர் இடது ஓரம். அந்த ஓரத்திலிருந்து வந்துதான் 2017-18 ஐஎஸ்எல்லில் 14 கோல். அந்த சீசனில் அவருக்கு மேலே இருந்தது கோவாவின் கோரோ 18, மிக்கு 15. ஹாலண்டை இடது ஓரத்தில் நிறுத்தி, நடுவில் வேற ஆளைப் போட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

அந்த சீசன் ஃபைனல்தான் எனக்கு வந்த சோதனை. 2018 மார்ச் 11 அரையிறுதியில் புனேவுக்கு எதிரா சேத்ரி ஹாட்ரிக். 17ஆம் தேதி கண்டீரவாவில் ஃபைனல். எதிரே சென்னையின் எஃப்சி. கிளாஸில் பாதிப் பேர் சென்னைப் பசங்க. "நீ யார் பக்கம்டா?"ன்னு கேட்டானுங்க. வியாசர்பாடி தனபால் கணேஷ் அந்த டீமில் இருக்கார், நாம தமிழன், எல்லாம் சரி. நான் "பார்க்கலாம்"னு மழுப்பினேன். "துரோகி" என்று வாட்ஸப் குரூப்பில் பேரை மாத்தி வெச்சானுங்க.

சித்தப்பாகிட்ட கேட்டேன். "சேத்ரி எந்த ஊருடா? பொறந்தது செகந்திராபாத். அப்பா மிலிட்டரி. அம்மா நேபாளம். அவன் யார் பக்கம் ஆடறான்?" என்று கேட்டுட்டு பாதி வெத்தலையை மென்னார்.

நான் வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன். நீலமும் இல்லை, எந்தக் கலரும் இல்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கறேன். 9வது நிமிஷம், உதாந்தா வலது பக்கத்திலிருந்து கிராஸ், சேத்ரி தரையோடு தரையா பாய்ந்து தலையால் கோல். என் உடம்பு என்னைக் கேட்காமலே எழுந்துடுச்சு. யார் பக்கம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா சென்னையின் கோச் ஜான் கிரிகரி விவரமானவர் (ஒரு காலத்தில் அதே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜரா இருந்தவர்!). ரெண்டு கார்னர், மெய்ல்சன் ஆல்வெஸ் ரெண்டு தலை. அப்புறம் ரஃபேல் அகஸ்டோ. மிக்கு கடைசியில் ஒண்ணு போட்டும் 3-2. கப் சென்னைக்கு. குரூப்பில் 200 மெசேஜ். ஒண்ணுக்கும் பதில் போடலை.

2019ல் ஐஎஸ்எல் ஜெயிச்சோம், அதைச் சட்டுன்னு தாண்டிப் போறேன். நடுவில் மோசமான வருஷங்கள், அதையும் தாண்டிப் போறேன். 2022 டூரண்ட் கப் ஃபைனலை மட்டும் சித்தப்பாவுக்காகச் சொல்லணும். முதல் கோல் போட்டது சிவசக்தி, காரைக்குடிப் பக்கம் கண்டனூர்ப் பையன். சேத்ரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பையன் நின்னு கப் தூக்கினதை சித்தப்பா மொபைலில் வால்பேப்பரா வெச்சிருக்கார். 2023 மார்ச்சில் கேரளா சுவர் கட்டிக்கிட்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீகிக்கைத் தட்டி விட்டாரே, மஞ்சப்படை மொத்தமும் மைதானத்தை விட்டு வெளியே போச்சே, அதுல நான் நடுவர் பக்கம்தான். இருந்தாலும் மனசுக்குள் கொஞ்சம் கூச்சமா இருந்தது.

அந்தக் கேரளாவோடுதான் 2024 டிசம்பர் 7ஆம் மேட்சும். சித்தப்பாவுக்கு இப்போ முட்டி வலி, கண்டீரவா படிக்கட்டு ஆகாது. அல்சூர் வீட்டில் டிவி முன்னாடி உட்கார்ந்தோம். சனிக்கிழமை ரிலீஸ் இருந்ததால லேப்டாப் என் மடியில் திறந்தே கிடந்தது. எட்டாவது நிமிஷம் சேத்ரி, தலை. 73ல் மறுபடி சேத்ரி. கூடுதல் நேரமும் தீரப் போற சமயத்தில் மூணாவது. 4-2. ஐஎஸ்எல்லில் ஹாட்ரிக் அடிச்ச மூத்த ஆள் என்று கமெண்டரியில் கத்துறாங்க.

"என்ன வயசுடா இவனுக்கு?"

"நாப்பது, சித்தப்பா."

ஒண்ணும் சொல்லலை. தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்த முட்டியை ஒரு தடவை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "அடுத்த ஹோம் மேட்ச் என்னைக்கு?" என்றார்.