பரண் மேல் ஒரு லேப்டாப்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்கிறார் அந்த அம்மா. அவர் வீட்டுப் பரணில், பழைய புடவையில் சுற்றிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மகன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது.

அதில்தான் அவன் தட்டச்சு பழகினான். கல்யாணப் பத்திரிகை, பேனர் என்று வடிவமைத்து நாலு காசு பார்க்கவும் தொடங்கினான். இரண்டாம் வருடம் சார்ஜர் போனது. செஞ்சியில் தேடினான், திண்டிவனம், விழுப்புரம் என்று அலைந்தான். ஒன்றில் முள் தடிமன், இன்னொன்றில் மெலிசு. முள் பொருந்தினால் வோல்ட் வேறு. கடைசியில் சரியானது கிடைத்தபோது, அதன் விலை அம்மாவின் ஒரு வார வியாபாரம். 'அடுத்த மாசம் வாங்கிக்கலாம்' என்றார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. மகன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கினார்கள். மறுநாள் காலை புராஜெக்ட் அனுப்பியாக வேண்டும். சார்ஜரைத் தோழியின் அறையில் மறந்துவிட்டு வந்துவிட்டாள். பேட்டரியில் மீதி 9 சதவீதம். அம்மாவுக்குப் பழைய அலைச்சல் நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது.

முதலில் அண்ணனின் போன் சார்ஜரைச் செருகினாள். வாய் பொருந்தியது, சார்ஜ் ஏறவில்லை. அடுத்து, எதிர் வீட்டில் இருந்தபடி ஐ.டி. வேலை பார்க்கும் அக்காவிடம் ஓடினாள். அவருடையது வேறு கம்பெனி லேப்டாப். அந்தச் சார்ஜரைச் செருகியதும் 10, 11 என்று ஏறத் தொடங்கியது.

"வேற கம்பெனியாச்சே, எப்படிம்மா ஏறுது?"

"ரெண்டுமே டைப்-சி அம்மா. வாய் ஒண்ணுதான்."

"பல்பு மாதிரின்னு சொல்லு. எந்தக் கம்பெனி பல்பும் நம்ம ஹோல்டர்ல மாட்டுதே!"

அம்மா சொன்னது சரிதான். ஆனால் டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டுமே. மின்சாரத்தின் பலம் தனி. சாதாரண போன் சார்ஜர் 18 வாட் கொடுக்கும் என்றால், லேப்டாப் 45, 65 வாட் கேட்கும். 'பவர் டெலிவரி' என்ற முறையில் சார்ஜரும் கருவியும் முதலில் பேசிக்கொள்கின்றன. 5 வோல்ட்டில் தொடங்கி, கருவி கேட்டால்தான் 20 வோல்ட் வரை போகும். அதனால் நல்ல லேப்டாப் சார்ஜரில் போனைப் போட்டாலும் கெடாது. முன்பு 100 வாட்டாக இருந்த உச்ச அளவு, 2021-ல் 240 வாட் ஆனது. கேபிளையும் பார்க்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும்.

இதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி கட்டாயம். வீட்டில் சார்ஜர் இருப்பவர்கள், சார்ஜர் இல்லாமலே கருவியை வாங்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. ஐரோப்பாவுக்கு ஒன்று, செஞ்சிக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வது கம்பெனிகளுக்கும் கட்டுப்படியாகாது.

ஆனாலும், லேப்டாப் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா? சில மாடல்களில் அந்த வாய் தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. எத்தனை வாட் வேண்டும்? தனியாக வாங்கும் சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா?

அன்றிரவு 11 மணிக்கு மகள் புராஜெக்டை அனுப்பிவிட்டாள். அம்மா பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கே இப்படி இருந்திருந்தா, எதிர் வீட்டுல வாங்கியிருக்கலாமேடா..."

மகன் சிரித்தான். "விடும்மா. அந்த அக்கா காலையில வேலைக்கு உக்காரணும். நான் போய் சார்ஜரைக் குடுத்துட்டு வரேன்."