நிமிடத்துக்கு நாலரைத் தாங்கிக் காற்று

எங்கட வீட்டில் வாகனங்களைப் பற்றி ஆகக் குறைவாகத் தெரிந்த ஆள் நான்தான். கலைப்பீடம், மூன்றாம் வருடம், பாடம் மொழியியல். கம்பஸுக்குப் போய்வருவது சைக்கிளில். அப்படிப்பட்ட நான் மூன்று மாதமாக கோல்ட் எயார் இன்டேக் பற்றி வாசித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அண்ணா. ஓ.எல். முடிந்த கையோடு வேலைக்குப் போனவர் அவர். நான் படிக்கிற காசில் பாதி அவருடையது. "நீ கம்பஸ்தானே, இந்த இங்கிலிஷை வடிவா வாசிச்சு எது வாங்கலாமெண்டு சொல்லு" என்று அவர் கேட்டால் இல்லையென்று சொல்ல ஏலாது.

கார் 1997ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக். பெடியளின் பாஷையில் ஈகே3. 1500 சிசி, புதிதில் 130 குதிரைவலு. 2020 மார்ச்சில் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் எங்கட வயதை விடக் கூடின கார்களுக்கெல்லாம் நகைக்கடை விலை வந்துவிட்டது. அண்ணா வாங்கியதும் அந்த விலைக்குத்தான். ஆகவே கேள்வி "எது நல்லது" என்பதோடு முடியவில்லை. எஞ்சினுக்கு ஏதும் நடந்தால் இன்னொன்றுக்குக் காசில்லை.

எஞ்சின் பெற்றோலில் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது அதிகம் குடிப்பது காற்றை. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 1500 சிசி எஞ்சின் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒன்றரை லீற்றரை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், கணக்குப்படி 4500 லீற்றர். எங்கட கூரையில் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தாங்கி 1000 லீற்றர். அப்படி நாலரைத் தாங்கி, ஒரு நிமிடத்தில்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கே இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது.

சூடான காற்று ஐதானது. 30 பாகையில் உள்ள காற்று 60 பாகைக்குச் சூடானால், அதே இடத்துக்குள் அடங்கும் நிறை ஏறத்தாழ 9 வீதம் குறையும். காற்றுக் குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். "கோல்ட்" என்ற சொல் அந்தப் பெயரில் இருப்பதன் நியாயம் இவ்வளவுதான். குளிரூட்டும் கருவி எதுவும் அதற்குள் இல்லை. பொனட்டுக்குள் சுற்றும் சூட்டுக் காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை எடுத்துக் குடுக்கிற குழாய், அவ்வளவே.

அண்ணா அனுப்பிய படங்களில் பாதி அந்த வேலையைச் செய்வதே இல்லை. அவை குட்டைக் குழாயும் அதன் நுனியில் ஒரு கூம்பு பில்ட்டரும். பொனட்டைத் திறந்தால் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். ஆனால் அது இருப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில், ரேடியேற்றருக்குப் பின்னால். அண்ணாவின் கூட்டாளி ஒருவரின் காரில் அப்படியொன்று இருந்தது. மீன்தொட்டிக்கு வாங்கிய வயர் வைத்த வெப்பமானியை அந்த பில்ட்டரின் வாயில் ஒட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் ஓடிப் பார்த்தோம். ஓடும்போது வெளிச்சூட்டை விடக் கொஞ்சம்தான் கூட. ரயில் கடவையில் நின்ற சில நிமிடத்துக்குள் 60ஐத் தாண்டிவிட்டது. ரயில் போன பிறகும் இறங்க நேரம் எடுத்தது.

அப்போ விளம்பரத்தில் போட்டிருக்கிற குதிரைவலு எங்கிருந்து வருகிறது? அநேகமான சோதனைகள் டைனோ உருளைகளில் காரை ஏற்றி, பொனட்டைத் திறந்து, முன்னால் பெரிய காற்றாடியைப் போட்டுச் செய்பவை. அங்கே சூட்டுக் காற்றுப் பிரச்சினையே எழாது. இதை விட எனக்குப் பிடித்தது அந்த வசனங்களில் வரும் "வரை". 15 குதிரைவலு "வரை" கூடும். இலக்கணப்படி சைபரும் அதற்குள் அடக்கம். மொழியியல் படித்தது வீண்போகவில்லை என்று அண்ணாவுக்குச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, அப்ப நீட்டுக் குழாய் போடுவம்" என்றார். அது உண்மையான கோல்ட் எயார். குழாய் மட்காட்டுக்குள்ளால் இறங்கி, பம்பருக்குப் பின்னால் பில்ட்டர் இருக்கும். காற்று குளிர்தான். ஆனால் நிலத்திலிருந்து அது எவ்வளவு உயரம்? கார்த்திகை மழைக்கு எங்கட ஒழுங்கை எப்படி இருக்கும்? பில்ட்டர் தண்ணீருக்குள் போனால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க ஏலாது. பிஸ்டன் மேலே வரும்போது வளைவது கனெக்டிங் ரொட். ஏஈஎம் என்ற அமெரிக்கக் கம்பனி இதற்காகவே ஒரு வால்வை விற்றது. வழி அடைபட்டால் நடுக்குழாயில் திறந்து காற்றெடுக்கும். விற்கிற ஆக்களே மருந்தையும் சேர்த்து விற்றால் வருத்தம் உண்மைதானே. 2024 நவம்பர் வெள்ளத்தை ஞாபகப்படுத்தினேன். அண்ணா அதற்குப் பிறகு நீட்டுக் குழாயைப் பற்றிக் கதைக்கவில்லை.

தூசியும் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் உடுப்பில் பட்டாலே போகாது, சிலிண்டருக்குள் போனால் உரஞ்சுகடதாசி மாதிரித்தான். காற்றை இலகுவாக விடும் பில்ட்டர் தூசியையும் இலகுவாக விடக்கூடும். கே அன்ட் என் மாதிரி எண்ணெய் பூசிய பருத்தி பில்ட்டரைக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், ஆனால் எண்ணெயை அளவாகப் பூச வேண்டும். காற்றின் அளவைச் சூடான கம்பியால் அளக்கிற புதுக் கார்களில் கூடின எண்ணெய் அந்தக் கம்பியில் படிந்து கணக்கைக் குழப்பும். சிவிக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பனிக்காரன் என்ன செய்தான் என்று பார்த்தோம். அசல் கறுப்புப் பெட்டி காற்றை எடுக்க வேண்டியது மட்காட்டின் உட்பக்கத்திலிருந்து. சூடில்லை, வெள்ளத்துக்கும் உயரம். ஹொண்டா எஞ்சினியர்கள் கோல்ட் எயார் இன்டேக்கைப் போட்டுத்தான் காரை விற்றிருக்கிறார்கள். முன்னைய சொந்தக்காரர் யாரோ சத்தத்துக்காக அந்தக் குழாயைக் கழற்றி எறிந்திருக்கிறார். பெட்டி இத்தனை வருடமும் எஞ்சின் சூட்டைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

கொழும்புக்கு வேலையாகப் போன ஒருவர் பஞ்சிகாவத்தையில் அந்தக் குழாயைத் தேடிக் கொண்டுவந்தார். பழையது, ஒரு கிளிப் உடைந்திருந்தது. புதுக் கடதாசி பில்ட்டர் ஒன்றும், வெடித்திருந்த ரப்பர்க் குழாய்க்கு மாற்றும் போட்டோம். கூம்புக்கு ஒதுக்கிய காசில் பெரும்பகுதி மிச்சம்.

அண்ணாவுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். முதல் ஓட்டம் முடிய, "சத்தம் இல்லையேடா" என்றார். அந்தச் சத்தத்தை நான் பகிடி பண்ணவில்லை. கூம்பு பில்ட்டர் 5000 சுற்றில் உறுமும்போது எனக்கும் உடம்பு புல்லரிக்கத்தான் செய்தது. காது "வேகம்" என்று சொல்ல, மூளையும் நம்பிவிடுகிறது. மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாத றோட்டில் ஆசைப்பட அதை விட வேறென்ன இருக்கிறது? சத்தத்துக்குக் காசு குடுக்கிறதென்றால் சத்தத்துக்கென்று தெரிந்து குடுக்கட்டும். குதிரைவலு என்று பில் போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சக் காசு அவரிடமே இருக்கிறது. நேற்றிரவு வட்ஸ்அப்பில் மூன்று சைலன்சர் படங்கள் வந்திருக்கின்றன. இன்னும் திறக்கவில்லை. திங்கட்கிழமை எனக்கு அசைன்மென்ட் குடுக்க வேணும்.